பட்டறைப் பையனைப் பற்றி, மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை. எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் நம் பட்டறைக்குப் புதிதாக வந்த பையனுக்குப் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும், தாமிரம் இருக்கிற இடம், ஜாக்கிரதை என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீ போட்ட மெசேஜைப் பார்த்தேன். போனில் பேசினால் நீயும் கோபப்படுவாய், நானும் சத்தம் போடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பட்டறையில் நான் சேர்த்திருக்கும் பையன், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் செங்கல்பட்டு சிறப்பு இல்லத்தில் இருந்து வந்தவன்தான். அவன் அம்மாவே என்னிடம் சொன்னார். நடவுக்கும் களைக்கும் போகிறவர். கூலியை விட்டுவிட்டு, கும்பகோணத்தில் சோழன் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய் மகனைப் பார்த்து வந்தவர். "மறைச்சு வேலை கேக்க மனசு வரலைங்க" என்றார். நம்பிச் சொன்னதை நீ குரூப்பில் அவன் பெயரோடு போட்டுவிட்டாய். முதலில் அதை அழித்துவிடு.

நன்னடத்தை அலுவலர் பட்டறைக்கு வந்தபோது சட்டத்தைப் பற்றி விவரமாகக் கேட்டுக்கொண்டேன். 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வழக்கின் முடிவால் எந்தத் தகுதியும் போகாது. அப்பீல் காலமோ விதிகள் சொல்லும் கால அளவோ முடிந்ததும் பதிவுகளை அழித்துவிட வேண்டும். பதினாறு வயதைத் தாண்டி, மிகக் கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்குத்தான் இது பொருந்தாது. இவன் வழக்கு அந்த வகை இல்லை. முடிந்துபோன வழக்கைப் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட வெளியே சொல்லக்கூடாது. மத்தியப் பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ஒருவருக்குச் சிறுவயது வழக்கைக் காட்டி வேலை மறுத்ததை 2019-ல் சுப்ரீம் கோர்ட்டே ஏற்கவில்லை. துப்பாக்கி பிடிக்கிற வேலைக்கே அப்படியென்றால், காயில் கட்டுகிற வேலைக்கு நீ ஏன் போலீஸ் சரிபார்ப்பு கேட்கிறாய்?

பதிவை அரசாங்கம் அழித்துவிடும். ஊர் வாயை யார் அடைப்பது? அவன் தெருவில் நடந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுபோகிறது. எங்கேயோ ஒரு சைக்கிள் காணாமல் போனால் முதலில் அவன் வீட்டைத்தான் பார்க்கிறார்கள். வேலை கிடைக்காத பையனைத் தேடி வருகிறவர்கள் பழைய கூட்டாளிகள் மட்டும்தான். அவர்கள் எந்தச் சான்றிதழும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பயம்.

தாமிரம் இருக்கிற பட்டறை, ஜாக்கிரதை என்று எழுதியிருந்தாய். எரிந்த மோட்டாரில் இருந்து வருகிற பழைய தாமிரத்தை இப்போது அவன்தான் எடை போட்டு நோட்டில் எழுதுகிறான். இது அவனுக்காகப் போட்ட ஏற்பாடு இல்லை. உன் காலத்திலும் புதுப்பையன்தான் எடை போட்டான். பணத்தை வேண்டுமென்றே மேசையில் விட்டுப் பார் என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். செய்ய மாட்டேன். ஒருத்தனைச் சோற்றுக்கு உட்காரவைத்துவிட்டு இலைக்குப் பக்கத்தில் பொறி வைப்பதா?

வேலை எப்படி என்று கேட்பாய். குறுவை நாற்றங்கால் நேரம், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால் எல்லோரும் போர்வெல்லை நம்பித்தான் இருக்கிறார்கள். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் எரிகிறது. நாற்று காய்கிறது என்று விவசாயி வாசலிலேயே நிற்பார். அந்த அவசரத்திலும் இவன் பழைய காயிலைப் பிரிக்கும்போது சுற்றுகளை இரண்டு தடவை எண்ணுகிறான், கேஜ், அதாவது தடிமன், பார்த்துக் கம்பி எடுக்கிறான். வார்னிஷ் காய்வதற்கு முன் மூடுவதில்லை. பேச்சுத்தான் குறைவு. வாடிக்கையாளர் குரலை உயர்த்தினால் உடம்பு விறைத்துப்போகிறது. அப்போது நான் முன்னால் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

நடுவில் சில நாள் வரவில்லை. பைக்கில் வந்து யாரோ கூட்டிப்போனார்களாம். நான் திட்டவில்லை, வீட்டுக்குப் போய் அழைத்துவந்தேன். பகலில் வேலை இருக்கிறது, சாயங்காலம்தான் சிக்கல். அதனால் பட்டறை மூடியதும் நம் வீட்டுத் திண்ணையில் அம்மா அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பத்தாவதில் பாக்கி இருக்கும் பாடங்களைத் தனித்தேர்வராக எழுதப்போகிறான். ஐடிஐயில் வயர்மேன் படிப்புக்கு எட்டாவது போதும். ஆனால் எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாவது வேண்டும், அவனுக்கு அதில்தான் ஆசை. இல்லத்தில் இருந்து வருகிறவர்களுக்குப் பதினெட்டு வயதில் இருந்து இருபத்தொன்று வரை பிற்காப்பு உதவிக்கு, அதாவது வெளியே வந்தபின் காலூன்றக் கொடுக்கும் உதவிக்கு, சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு மனு எழுதியிருக்கிறோம். முட்டுக்கட்டை வந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் காசில்லாமல் வக்கீல் கிடைப்பார்.

நீ ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வரும்போது அவனோடும் பேசு. பழசு எதையும் கேட்காதே. சிங்கப்பூரில் நீ பார்க்கும் கண்ட்ரோல் பேனல் வேலையைக் காட்டு, மோட்டார் ஸ்டார்ட்டர் வயரிங் சொல்லிக்கொடு. எனக்கு அந்தப் புது மாடல்கள் பிடிபடுவதில்லை, அவனுக்குச் சட்டென்று பிடிபடும்.

குரூப்பில் இருக்கும் அத்தையிடம் இதைப் பற்றி நானே பேசிக்கொள்கிறேன். நீ குரூப்பில் வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அப்பா