வாடல் வந்த தோட்டத்தில் இருப்பது எந்தப் பூஞ்சை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விவசாயப் பக்கத்தில் வாழை வாடல் நோயைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அறிகுறிகள், கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியின் அளவு, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவைப் போடும் முறை எல்லாம் சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ரஸ்தாளியைக் காலம்காலமாகக் கொன்றுவருகிற வாடலையும், பீகாரில் ஜி 9 ரக வாழைத் தோட்டங்களை அழித்த வாடலையும் ஒரே நோயாகக் கருதி ஒரே வைத்தியம் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தொட்டியம் வட்டத்தில் காவிரிக்கரையை ஒட்டி வாழை சாகுபடி செய்கிறேன். திருச்சியில் தாவரவியல் படித்தேன். கல்யாணமாகி வந்த வீடு தலைமுறையாக வாழை வைக்கிற வீடு. மாமனார் காலத்தில் ரஸ்தாளிதான் அதிகம். இப்போது பூவனும் கற்பூரவள்ளியும் பாதிக்கு மேல், மிச்சத்தில் ஜி 9. ரஸ்தாளி குறைந்ததற்கு விலை காரணம் இல்லை, வாடல்தான் காரணம். குலை தள்ளுகிற நேரத்தில் அடி இலையின் ஓரம் மஞ்சளாகும். அப்புறம் காம்பு ஒடிந்து இலைகள் தண்டைச் சுற்றித் தொங்கிவிடும். சில மரங்களில் அடித்தண்டு நீளவாக்கில் வெடிக்கும். மாமனார் அரிவாளால் கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பார். உள்ளே செம்பழுப்பாகக் கோடும் புள்ளியும் தெரிந்தால் ஒன்றும் பேசமாட்டார். அடுத்த வருஷம் அந்த வயலில் நெல் போட்டுவிடுவார். தண்ணீர் கட்டி நெல் வைத்தால் பூஞ்சையின் வேகம் குறையும் என்பது அவர் அனுபவத்தில் அறிந்தது. வேளாண் பல்கலைக்கழகமும் அதையே பரிந்துரைக்கிறது.

இந்த நோயை உண்டாக்குவது ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற மண் பூஞ்சை. வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் மேலே ஏறுகிற குழாய்களில் குடியேறி, அவற்றை அடைத்துவிடுகிறது. மரம் நின்ற நிலையிலேயே தாகத்தில் சாகிறது. இந்தப் பூஞ்சை இனத்தில் பெரும்பாலானவை சாது என்பது பலருக்குத் தெரியாது. மண்ணில் மக்கிய பொருளைத் தின்றுகொண்டும், செடிகளின் வேரில் ஒரு தொந்தரவும் தராமல் தங்கிக்கொண்டும் அவை வாழ்கின்றன. ஒரு சில வகைகள் மட்டும் தக்காளியைக் கொல்லும், ஒரு சில பருத்தியை, ஒரு சில வாழையை. ஒரே இனம்தான், ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பயிர்தான் இரை.

இது ஏன் என்பதற்கு நல்ல விடை 2010-ல் கிடைத்தது. ஃபியூசேரியம் இனங்கள் மூன்றின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு அந்த ஆண்டு 'நேச்சர்' இதழில் வந்தது. தக்காளியைத் தாக்கும் வகையில் 15 குரோமோசோம்கள், அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழைகள், இருந்தன. அவற்றில் நான்கு மற்ற இரண்டு இனங்களிலும் இல்லாத உபரிகள். நோய் உண்டாக்கும் மரபணுக்கள் அந்த உபரிகளில்தான் இருந்தன. ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. இந்த வகையையும் நோய் செய்யாத இன்னொரு வகையையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். உபரிக் குரோமோசோம்களில் இரண்டு, சாவிக்கொத்து கைமாறுவதுபோல, அந்தச் சாது பூஞ்சைக்குப் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு அதுவும் தக்காளியை வாட வைத்தது. படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. எங்கள் வயலில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தால் அதில் எத்தனை வகை ஃபியூசேரியம் இருக்குமோ!

வாழையை நினைத்தால் கவலை இன்னும் கூடும். நாம் சாப்பிடும் வாழைக்கு விதை கிடையாது. கன்றிலிருந்து கன்று, அல்லது திசு வளர்ப்புக் கூடத்தில் ஒன்றிலிருந்து ஆயிரம். எங்கள் ஜி 9 தோட்டத்திலும் குஜராத்தில் ஒரு ஜி 9 தோட்டத்திலும் நிற்பது கிட்டத்தட்ட ஒரே மரத்தின் பிரதிகள். தலைமுறை தலைமுறையாக மாறிக்கொள்ள அதற்கு வழி இல்லை. இந்தப் பூஞ்சையிலும் ஆண் பெண் சேர்க்கையை இதுவரை யாரும் கண்டதில்லை. ஆனால் அது மரபணுக்களை வாங்கிக்கொள்ளும், இழக்கும், இடம் மாற்றும். இரண்டுக்கும் நடக்கிற போட்டியில் வாழையின் கை கட்டப்பட்டிருக்கிறது.

உலகத்தில் இது ஒருமுறை நடந்து முடிந்த கதை. மத்திய அமெரிக்காவின் ஏற்றுமதித் தோட்டங்கள் முழுக்க குரோ மிஷேல் என்ற ஒரே ரகத்தை வைத்திருந்தன. ரேஸ் 1 என்று சொல்லப்படும் வாடல் பூஞ்சை அந்தத் தோட்டங்களை அழித்தது. 1950, 60-களில் கேவண்டிஷ் என்ற வேறு வாழைக்கு மாறினார்கள், ஏனென்றால் ரேஸ் 1 அதைத் தொடவில்லை. நம் ஜி 9 அந்தக் கேவண்டிஷ் குடும்பம்தான். ஆனால் 1960-களின் பிற்பகுதியிலேயே தைவானில் கேவண்டிஷும் வாட ஆரம்பித்தது. அதைச் செய்த பூஞ்சைகளில் கொடியது டி.ஆர். 4, அதாவது டிராப்பிக்கல் ரேஸ் 4 என்ற வகை. தென்கிழக்கு ஆசியாவில் பரவி, 2013-ல் ஜோர்டானிலும் மொசாம்பிக்கிலும் பதிவாகி, 2019-ல் கொலம்பியாவுக்குள் நுழைந்தது. இங்கே பீகாரின் கட்டிஹார், பூர்ணியா பக்கம் வந்து, உத்தரப்பிரதேசத்துக்கும் பரவியது. அதை டி.ஆர். 4 என்று உறுதிப்படுத்தியவர்கள் திருச்சியில் இருக்கிற தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள். நம் ஊர்க்காரர்கள் செய்த அந்த வேலையைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் இன்னும் நிறைய எழுதியிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

பழைய ரேஸ் 1 கொஞ்சம் மாறி டி.ஆர். 4 ஆகியிருக்கும் என்று நினைப்பது எளிது. 2024-ல் 'நேச்சர் மைக்ரோபயாலஜி'யில் வந்த ஆய்வு அதை மறுக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லி-ஜுன் மா குழுவினர் உலகின் பல இடங்களிலிருந்து எடுத்த 36 வாழை வாடல் பூஞ்சைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டார்கள். குரோ மிஷேலை அழித்த ரேஸ் 1-லிருந்து டி.ஆர். 4 பிறக்கவில்லை, அதன் வம்சாவளி வேறு என்று தெரிந்தது. டி.ஆர். 4-ல் இருக்கும் சில உபரி மரபணுக்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவோடு தொடர்புள்ளவை. வாழையின் வேரில் இந்தப் பூஞ்சை அந்த வாயுவை வெளியிட்டு வாழையின் பாதுகாப்பைக் குலைக்கிறது. அதே விஷம் தன்னைத் தாக்காதபடி பார்த்துக்கொள்ளவும் அதற்கு மரபணு இருக்கிறது. இந்த வேலையைக் கட்டுப்படுத்தும் இரண்டு மரபணுக்களை நீக்கியபோது பூஞ்சையின் வீரியம் வெகுவாகக் குறைந்தது.

விவசாயிக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி ஒன்றே ஒன்று. இரண்டும் இரண்டு பூஞ்சை. ஒன்றைத் தாங்குகிற ரகம் மற்றதைத் தாங்க வேண்டும் என்பதில்லை.

சரி, ரஸ்தாளி வாடினால் ரேஸ் 1, ஜி 9 வாடினால் டி.ஆர். 4 என்று பிரித்துக்கொள்ளலாமே என்றால் அதற்கும் வழியில்லை. தமிழ்நாட்டில் ரேஸ் 1-ஐச் சேர்ந்த பூஞ்சையே கேவண்டிஷைத் தாக்கியதைத் திருச்சி மைய விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, ஜி 9 தோட்டத்தில் ஒரு மரம் மஞ்சளாகி நின்றால், கிழங்கை வெட்டிப் பார்த்தாலும் எந்தப் பூஞ்சை என்று கண்ணால் சொல்ல முடியாது. எங்கள் மாமனார் இருந்தாலும் சொல்ல முடியாது. மரபணுவை வைத்துக் கிருமியை அடையாளம் காணும் பி.சி.ஆர். சோதனைதான் சொல்லும். கொரோனா காலத்தில் ஊர் ஊராக நடந்த அதே தொழில்நுட்பம்தான்.

அந்த விடையைப் பொறுத்துத்தான் எல்லாமே. உள்ளூரில் பழகிய வகை என்றால் ரகத்தை மாற்றலாம், நெல் சுழற்சி வைக்கலாம், ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை, சூடோமோனாஸ் போட்டுச் சமாளிக்கலாம். டி.ஆர். 4 என்றால் அந்த வயலிலிருந்து ஒரு கன்றுகூட வெளியே போகக் கூடாது. மண்வெட்டி, டிராக்டர் கலப்பை, செருப்பு எல்லாம் கழுவாமல் தாண்டக் கூடாது. இந்தப் பூஞ்சையின் தடித்த வித்துகள் வாழையே இல்லாத மண்ணிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், களைகளின் வேரிலும் ஒளிந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் டல்லி பள்ளத்தாக்கில் 2015-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் நோய் கண்ட தோட்டத்தை, அரசு பணம் கொடுக்க, வாழை விவசாயிகளின் சங்கமே விலைக்கு வாங்கி சாகுபடியை நிறுத்தியது. பிறகும் சில தோட்டங்களில் அது தென்பட்டது. ஆனாலும் பல ஆண்டுகளுக்கு அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டவில்லை.

எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு முறை ஜி 9 வரிசையில் சில மரங்கள் வாடின. கிழங்கை வெட்டிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பையைத் திறந்து பார்க்கவில்லை. "வாடல்தாம்மா, கார்பன்டாசிம் ஊத்துங்க" என்றார். எந்த ரேஸ் என்று பார்க்க முடியுமா என்று கேட்டேன். அதெல்லாம் ஆராய்ச்சிக்குத்தான், விவசாயிக்கு எதற்கு என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் கையில் அதற்கு வசதியும் இல்லை. ஆனால் அந்த மரங்கள் நின்ற இடத்தில் அடுத்து என்ன வைப்பது என்று நான்தானே முடிவு செய்ய வேண்டும்? ஏக்கருக்கு ஆயிரம் கன்று, உரம், முட்டுக்கம்பு, ஆள் கூலி என்று பத்துப் பன்னிரண்டு மாதம் பணத்தைப் போட்டுக் காத்திருக்கிற பயிர் இது.

கன்று வியாபாரத்தையும் சொல்ல வேண்டும். பக்கக் கன்றைத் தோண்டி லாரியில் ஏற்றினால் மாவட்டம் தாண்டிப் போகும், வரும். கிழங்கில் ஒட்டிய மண்ணும் கூடவே போகும். திசு வளர்ப்புக் கன்றுக்காவது வைரஸ் சோதனை, சான்றிதழ் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. எங்களிடம் லாரியில் வந்து இறங்கும் கன்றுக்கு எந்தத் தோட்டத்தில் தோண்டியது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை. நோய் வந்த தோட்டக்காரர் வெளியே சொல்வதுமில்லை. சொன்னால் கன்று விற்காது, தாருக்கும் விலை குறைத்துக் கேட்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் சோதனை முடிவை விவசாயி பெயர் வெளியே வராமல், வருவாய்க் கிராம அளவில் வரைபடமாக எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்கிறேன்.

இது நடக்காத காரியமில்லை. 2016 பிப்ரவரியில் வங்கதேசத்தில் சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமை குலைநோயில் வெளுத்துப்போனது. நம் நெல்லுக்குக் குலைநோய் தருகிற அதே பூஞ்சை இனம்தான், கோதுமைக்குப் பழகிய வேறொரு வகை. 1985-ல் பிரேசிலில் முதலில் கண்டது, ஆசியாவில் அதுவரை வந்ததில்லை. வங்கதேச விஞ்ஞானி தோஃபஸ்ஸல் இஸ்லாமும் இங்கிலாந்தில் இருக்கும் சோஃபியன் கமூன் முதலானோரும் வயலில் எடுத்த மாதிரிகளின் மரபணுத் தரவுகளை ஆய்வேடு வரும்வரை பூட்டி வைக்காமல் உடனே இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பல நாட்டு ஆய்வாளர்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அலசினார்கள். அது தென் அமெரிக்க வம்சாவளி என்பது சில வாரங்களிலேயே தெரிந்துவிட்டது. பிறகு ஜாம்பியாவில் வந்ததும் அதே வம்சாவளிதான் என்று 2023-ல் வந்த ஆய்வு காட்டியது. பணக்கார நாடு இல்லை வங்கதேசம். வயலில் நின்றவர்களும் ஆய்வகத்தில் இருந்தவர்களும் ஒருவருக்கொருவர் மறைக்கவில்லை, அவ்வளவுதான்.

எதிர்ப்பு ரகம் வந்துவிடும், அதுவரை பொறுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் காட்டு வாழை ஒன்றின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய கேவண்டிஷுக்கு 2024-ல் அனுமதி கிடைத்திருக்கிறது. வரட்டும். ஆனால் அதையும் ஒரே ரகமாக ஊர் முழுக்க வைத்தால் குரோ மிஷேல் கதையைத்தான் மறுபடி தொடங்குவோம். பூவன், மொந்தன், நேந்திரன், செவ்வாழை, விருப்பாச்சி, மட்டி என்று கலந்து வைத்திருக்கிற பழக்கம் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. ஜி 9-க்கு மட்டும் கடனும் கொள்முதலும் எளிதாகக் கிடைக்கிற நிலை அதைக் கரைத்துக்கொண்டு வருகிறது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. வாழை அதிகமுள்ள திருச்சி, கரூர், தேனி, தூத்துக்குடி, ஈரோடு மாதிரி மாவட்டங்களில் விவசாயி கொண்டுவரும் மாதிரியை வாங்கி, ரேஸ் எது என்று எழுத்தில் சொல்கிற ஓர் இடம் வேண்டும். கட்டணம் வைத்தாலும் கொடுப்போம். அடுத்த நடவுக்கு முன்னால் விடை வந்தால் போதும். நோய் இருக்கிறது என்று தானாக வந்து சொல்கிறவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று இழப்பீடு கொடுத்தால் யாரும் மறைக்கமாட்டார்கள். மாவட்டம் தாண்டுகிற கன்று வண்டிக்கு, எந்த ஊரில் தோண்டியது என்று ஒரு சீட்டு இருக்கட்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். விவசாயப் பக்கத்தில் அடுத்து வாழையைப் பற்றி எழுதும்போது மாதிரி எடுக்கும் முறையையும் சேர்த்துப் போடுங்கள். முழுதாக அழுகிய மரத்தில் எடுத்தால் வேறு கிருமிகளும் கலந்துவிடும், இப்போதுதான் வாடத் தொடங்கிய மரத்தில் எடுக்க வேண்டும். பழுப்பு நரம்பு தெரிகிற தண்டுப் பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி, காகிதத்தில் சுற்றிக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வேர்த்து அழுகிவிடும். கத்தியை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும் முன் கழுவித் துடைக்க வேண்டும். மாதிரியை எங்கே, யாரிடம் கொடுப்பது என்பதைத் திருச்சி மையத்திடமும் வேளாண் பல்கலைக்கழகத்திடமும் கேட்டு, முகவரியோடு வெளியிட்டால் எங்களைப் போன்றவர்கள் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
வாழை விவசாயி ஒருவர்,
தொட்டியம் வட்டம், திருச்சி மாவட்டம்.