‘தாத்தா இன்னிக்குத் தாத்தா மாதிரி இல்ல’: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும்,

இங்கே சிங்கப்பூரில், தைப்பூசம் முடிந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவை ஆம்புலன்சில் ஏற்றினோம். அவருக்கு வந்திருப்பது செப்சிஸ் என்று அப்போது தெரியாது. இருபத்தாறு நாள் கழித்து, வீட்டு வாசலில் செருப்பைத் தன் கையாலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இடையில் யார் யாருக்குக் கடன்பட்டோம் என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தேன். பாதிப் பேரின் பெயரே எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தப் பொது மடல். தெரிந்த பெயர்களையும் போடவில்லை, அவர்கள் கூச்சப்படுவார்கள்.

முதல் நன்றி எங்கள் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு. மியன்மாரிலிருந்து வந்தவர், ஐந்து வருடமாக எங்களோடு இருக்கிறார். என் பிள்ளைகளைப் பார்த்து அவரும் அப்பாவைத் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவார். தமிழ் படிக்கத் தெரியாது, பேசினால் புரியும். எழுதி முடித்ததும் இதை அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

அப்பாவுக்கு வயது 72. இருபது வருடச் சர்க்கரை. வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டரிடம் “உடம்பு வலி” என்று மட்டும் சொன்னார். மூன்று வாரமாகச் சிறுநீர் எரிகிறது, அடிக்கடி போகவேண்டியிருக்கிறது, போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்பதையெல்லாம் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த அப்பா சொல்வார்? அவரும் சொல்லவில்லை. நானும் வெளியே போய் உட்காரவில்லை.

சனிக்கிழமை இரவு குளிர் நடுக்கம். பல்லெல்லாம் அடித்துக்கொள்ள, இந்த வெக்கையில் இரண்டு போர்வை கேட்டார். காய்ச்சல் 38.9 டிகிரி செல்சியஸ். பனடோல் மாத்திரை கொடுத்தோம். ஞாயிறு காலை பார்த்தால் 35.8. “காய்ச்சல் விட்டுடுச்சு” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், உடனே ஆறேழு கைகூப்பும் படங்கள் வந்தன. கிருமித்தொற்று உள்ளவருக்குச் சூடு 36-க்குக் கீழே இறங்குவதும் காய்ச்சலைப் போலவே கெட்ட அறிகுறியாக இருக்கலாம், வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் போகலாம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று காலை எனக்கு நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் பணிப்பெண் அடுப்படியிலிருந்து வந்து நின்றார். “மேடம், தாத்தா இன்னிக்குத் தாத்தா மாதிரி இல்ல.”

தூக்கக் கலக்கமாக இருக்கும் என்றேன். அவர் நகரவில்லை. இரவெல்லாம் தாத்தா கழிவறைக்குப் போய்ப் போய் வந்தார், ஒவ்வொரு தடவையும் சொட்டுதான் என்றார். காலைக் கோப்பியைத் தொடவில்லை என்றார். “ஷிஃப்டுக்கு நேரமாச்சு, என் சட்டை எங்கே” என்று தன்னிடம் கேட்டார் என்றும் சொன்னார். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வுபெற்றுப் பத்து வருடம் ஆகிறது. நான் என்ன சொல்வேன் என்று காத்திருக்காமல் அவர் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். என் அனுமதியைக் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு அடுத்த நன்றி. மலாய்க்காரர், ‘மக்சிக்’ என்றால் மலாயில் அத்தை மாதிரி. ஓய்வுபெற்ற தாதி. நான் நீட்டிய தெர்மாமீட்டரை அவர் பார்க்கவே இல்லை. அப்பாவின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு, கைக்கடிகாரத்தில் முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணினார். 28. விரல் நுனியை அழுத்தி விட்டார். வெளுத்த இடத்துக்கு ரத்தம் திரும்பவும் வர நேரம் பிடித்தது. கை ஜில்லென்று இருந்தது. கைலியை முழங்கால்வரை விலக்கிக் காட்டினார். தோலில் ஊதா நிறத்தில் வலை பின்னியது மாதிரித் திட்டுத் திட்டாக இருந்தது. இன்று என்ன கிழமை என்று மலாயில் கேட்டதற்கு அப்பா ஏதோ கிரேன் நம்பரைச் சொன்னார்.

“995-க்கு அடி, ஆம்புலன்ஸ். இப்பவே.”

கிராப் வாடகைக் கார் பிடித்துப் போகலாமா, இல்லை, அவசரமில்லாதவர்களுக்கான ஆம்புலன்ஸ் எண் 1777-ஐக் கூப்பிடலாமா என்று நான் இழுத்தேன். “வழியில இவருக்கு மூச்சு நின்னா கிராப் டிரைவர் என்ன செய்வார்?” என்று கேட்டார். அதோடு சரி.

மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழே, புத்தி தடுமாற்றம். கிருமித்தொற்று உள்ளவரிடம் இந்த மூன்றில் இரண்டு இருந்தாலே உஷாராக வேண்டும் என்று 2016-ல் மருத்துவர்கள் ஒரு எளிய கணக்கு வகுத்தார்களாம். இது மட்டும் போதாது, மருத்துவமனையில் இன்னும் நிறையப் பார்ப்பார்கள் என்று டாக்டர் சொன்னார். அழுத்தமானி கையில் இல்லாமலே மக்சிக் அதில் இரண்டைக் கண்டுபிடித்திருந்தார்.

995-ல் பேசிய குரலுக்கு நன்றி. நான் புளோக் எண்ணைத் தப்பாகச் சொன்னேன். பதறாமல் திரும்பக் கேட்டு வாங்கினீர்கள். கீழே ஓடிப்போய் லிஃப்ட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற மக்சிக்கின் பேரனுக்கும் நன்றி. தம்பி, உனக்கு மறுநாள் பள்ளியில் தேர்வு இருந்ததாமே, அப்புறம்தான் தெரிந்தது. குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்சில் வந்த மூவரும் ரத்த அழுத்தம் 84-க்கு 46 என்று பார்த்த நிமிடத்திலிருந்து ஒரு வார்த்தை கூட அதிகம் பேசவில்லை.

அவசரப் பிரிவில் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. இரண்டு கையிலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்ப்பதற்காம். ஆன்டிபயாட்டிக் ஏறிய பிறகு எடுத்தால் கிருமி பிடிபடாமல் போகலாம் என்பதால் அது முதலில். ஆனால் முடிவுக்காகக் காத்திருப்பதில்லை, அதற்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். பல வகைக் கிருமிகளைச் சாடும் மருந்தை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஏற்றிவிட்டார்கள். ரத்தத்தில் லாக்டேட் 5.2 என்று யாரோ சத்தமாகச் சொன்னார், இன்னொருவர் திரும்பிப் பார்த்தார். திசுக்களுக்கு ரத்தம் சரியாகப் போய்ச் சேராவிட்டால் அது ஏறுமாம், 2-க்கு மேல் போனாலே கவலைதானாம். கிலோவுக்கு 30 மில்லி என்று கணக்குப் போட்டு, 62 கிலோ அப்பாவுக்கு இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக உப்புநீர் ஏற்றினார்கள். ஒரு தாதி குழாய் போட்டதும் கலங்கலாக 900 மில்லி சிறுநீர் இறங்கியது. அப்பா மூன்று வாரமாக மறைத்து வைத்திருந்தது கட்டிலோரத்தில் ஒரு பையில் தொங்கியது.

அங்கே எனக்கு விளக்கம் சொன்ன இளம் டாக்டரே, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி. வீங்கிய புரோஸ்டேட் சுரப்பியால் சிறுநீர் தேங்கி, அதில் தொற்று பிடித்து, ரத்தத்துக்குப் போயிருக்கிறது என்றீர்கள். அதற்கு மேல் சொன்னதுதான் முக்கியம். இனிக் கிருமி மட்டும் பிரச்சினை இல்லை, கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு அளவு தெரியாமல் போய்விட்டது; ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிகின்றன, அழுத்தம் விழுகிறது, சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பட்டினி கிடக்கின்றன. அதற்குப் பெயர் செப்சிஸ். நீர் ஏற்றியும் அழுத்தம் நிற்காமல், மருந்தால் தூக்கிப் பிடிக்கவேண்டிய நிலைக்கு வந்து, லாக்டேட்டும் இறங்காவிட்டால் செப்டிக் ஷாக். அப்பா இரண்டாவதில் இருந்தார். நீங்கள் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னீர்கள்.

இந்தப் பெயர் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்று செய்தி பரவி, தஞ்சாவூரிலிருந்து அத்தை போன் செய்து “என்ன பாம்பும்மா?” என்று கேட்டார். அந்த இரவில் நான் சிரித்த ஒரே தடவை அதுதான். அத்தைக்கும் நன்றி. காப்பிக்கடை நண்பர் ஒருவர், அப்பா பச்சை மீன் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டு அனுப்பினார். 2015-ல் இங்கே பச்சையாக நன்னீர் மீன் சாப்பிட்டவர்களுக்குத் தொற்று வந்து, அந்த வருடக் கடைசியில் கடைகளில் அதற்குத் தடை போட்டது அவருக்கு மறக்கவில்லை. நல்ல கேள்விதான். ஆனால் அது வேறு கிருமி, பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அப்பாவின் ரத்தத்தில் வளர்ந்தது ஈ கோலை, எல்லார் குடலிலும் குடியிருப்பது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கழுத்து ரத்தக் குழாய் வழியாக, அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் நோராட்ரினலின் மருந்து போய்க்கொண்டிருந்தது. நான் வெளியே நாற்காலியில் கைப்பேசியைத் திறந்து தேடினேன். 2017-ல் மட்டும் உலகத்தில் சுமார் 1.1 கோடிப் பேர் இதனோடு தொடர்புடைய காரணத்தால் இறந்திருக்கிறார்கள் என்று போட்டிருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

அந்த இரவுப் பணியில் இருந்த பிலிப்பீன்ஸ் தாதிக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? அப்பா மயக்கத்தில் மலாயிலும் தமிழிலும் மாறி மாறிப் பேச, என்னிடம் கேட்டுத் ‘தண்ணி’, ‘வலி’, ‘பயப்படாதீங்க’ மூன்றையும் கையுறைப் பெட்டியின் மேல் எழுதி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு மணிக்கும் குனிந்து சிறுநீர்ப் பையை அளந்தார். அப்பாவின் எடைக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்கவேண்டும். தேங்கியிருந்தது வடிந்த பிறகு 12, 10, 12 என்றே நின்றது. சிறுநீரகம் வேலை செய்ய மறுத்துக்கொண்டிருந்தது. விடியற்காலை நாலு மணிக்குக் கதவைத் திறந்து வெளியே வந்தார். முப்பத்தைந்து என்று விரலால் காட்டினார். மூன்று விரல், அப்புறம் ஐந்து விரல். முன்பின் தெரியாத ஒருவரை நான் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை.

பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக நடந்தது. அழுத்த மருந்து மூன்றாம் நாள் நின்றது. கிருமி எதுவென்று தெரிந்ததும் அதற்கேற்ற மருந்துக்கு மாற்றினார்கள். கணக்கு வழக்குகளை எனக்குப் புரிய வைத்த மருத்துவ சமூக சேவகர், என் வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட அலுவலகத் தோழிகள், சமூக மருத்துவமனையில் பத்தடி நடப்பதற்கு அப்பாவோடு சண்டை போட்ட இயன்மருத்துவர் எல்லாருக்கும் நன்றி. அப்பா வீட்டுக்கு வந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். தலைமுடி கொட்டியது, நடுராத்திரி அலறி எழுந்தார், காலையில் சாப்பிட்டது மதியம் மறந்தது. செப்சிஸிலிருந்து பிழைத்தவர்களுக்கு இது மாதக்கணக்கில் இருக்கலாம் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்த வார்டு தாதி அக்காவே, நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னொரு தடவை பயந்தே செத்திருப்பேன்.

இப்போது அப்பா புரோஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கூச்சமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. காலையில் எழுந்ததும், இரவு எத்தனை தடவை போனார், எவ்வளவு போனது என்று வீட்டுக்கே அறிவிக்கிறார். பணிப்பெண் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு கோப்பி ஓ கொசோங்கை, அதாவது பாலும் சீனியும் இல்லாத கோப்பியை, நீட்டுகிறார். அதைக் குடித்துவிட்டுத் தாழ்வாரத்துக்குப் போய், செடிக்குத் தண்ணீர் ஊற்றும் மக்சிக்கிடம் மலாயில் அதே கணக்கை மறுபடியும் ஒப்பிக்கிறார். இன்று காலை, “ரெண்டே தடவை, நல்லாப் போச்சு.” மக்சிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நன்றியுடன்,
சிங்கப்பூர் ஈசூனில் ஒரு ஒன்பதாம் மாடி வீட்டிலிருந்து,
ஒரு மகள்