சித்திக்கு: போர்ட் கிரிமோ சினிமா செட் இல்லை

அன்புள்ள சித்தி,

நான் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "இது நிஜ ஊரா, சினிமா செட்டா?" என்று கேட்டிருந்தீர்கள். போனில் ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை.

போர்ட் கிரிமோ, பிரான்ஸின் தென்கரையில், செயின்ட் ட்ரோபே வளைகுடாவின் உட்கோடியில் இருக்கிறது. பார்த்தால் பழைய மீனவர் ஊர் போலத் தெரியும். ஆனால் அங்கே முன்பு இருந்தது வெறும் சதுப்பு நிலம்தான். ஃபிரான்சுவா ஸ்போரி என்ற கட்டடக் கலைஞர் அதை வாங்கி, 1966-ல் வேலையைத் தொடங்கினார். வாய்க்கால்களைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டியே வீட்டு மனைகளை மேடாக்கினார். உலகப் போரின்போது நாஜிகள் பூஹன்வால்ட், டாஹௌ முகாம்களில் அடைத்து வைத்திருந்த மனிதர் அவர். படகு என்றால் உயிர். வீட்டு வாசலிலேயே படகைக் கட்ட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

பழசைக் காப்பியடித்த ஊர் என்று அன்றைக்கே பலர் குறை சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகளில் பக்கத்துப் பக்கத்து வீடுகள்கூட ஒரே மாதிரி இல்லை. ஒன்று காவி, அடுத்தது வெளிறிய மஞ்சள். ஒன்றின் ஓட்டுக் கூரை சற்றே தாழ்ந்திருக்கும், அடுத்ததில் ஜன்னல் மரக்கதவுகள் நீலமாக இருக்கும். தெருப் பக்கம் வாசல், பின்பக்கம் சின்னத் தோட்டம், அதைத் தாண்டினால் படகுத்துறை. இவ்வளவு அக்கறையோடு கட்டியதைப் போலி என்று எப்படிச் சொல்வது?

வருகிறவர்கள் காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஹார்ன் சத்தம் கிடையாது. காற்றடித்தால் பாய்மரக் கயிறுகள் கம்பத்தில் டிக் டிக்கென்று மோதுவது கேட்கும். குழந்தைகள் பாலத்தில் குப்புறப் படுத்து மீன் பார்க்கிறார்கள், யாரும் அதட்டுவதில்லை. நடப்பவர்களை நம்பிக் கட்டிய ஊர் இது. அதனால்தான் இங்கே உங்களைக் கூட்டிப்போக வேண்டும் என்று துடிக்கிறேன்.

ஒரு குறையும் உண்டு. விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்களின் வீடுகள் நிறைய. குளிர்காலத்தில் பூட்டிய ஜன்னல்களைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அப்புறம், வாய்க்கால் ஓரமெல்லாம் தனியார் தோட்டங்கள். நடந்தே சுற்றினால் பாதி ஊர்தான் கண்ணில் படும். அதனால் சின்ன மின்சாரப் படகு ஒன்றை வாடகைக்கு எடுப்போம். உங்கள் முழங்காலுக்கும் அதுதான் நல்லது.

தேவாலயத்தை விடவே கூடாது. அதன் கண்ணாடி ஜன்னல்களை வடிவமைத்தவர், ஹங்கேரியில் பிறந்த ஓவியர் விக்டர் வாசரெலி. வெறும் வடிவங்களும் நிறங்களும்தான், ஆனால் வெயில் ஏற ஏறச் சுவரில் விழும் வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும். 1999-ல் காலமான ஸ்போரியின் கல்லறையும் அங்கேதான். நீங்கள் உள்ளே உட்கார்ந்திருங்கள், கோபுரப் படிகளை நான் ஏறிக்கொள்கிறேன்.

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், கடலோரச் சாலை அடைத்துக்கொள்ளும். செப்டம்பரில் வாருங்கள். செயின்ட் ரஃபேல் வரை ரயில், பிறகு பேருந்து. வெயில் தாழ்ந்தபின் செயின்ட் ட்ரோபேக்குப் படகிலேயே போய்விடலாம். சித்தப்பாவிடம் லீவு கேட்டுச் சொல்லுங்கள், டிக்கெட் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள் மாதிரி ஒருத்தி