பின்னணியில் ஓடும் நிரல் சுத்திகரிப்பு: எதை விடலாம், எதை விடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரலைச் சுத்தம் செய்யும் கருவிகளை எடிட்டரின் (நிரல் எழுதும் செயலியின்) பின்னணியில் ஓட விட்டால் போதும், மற்றதை அவையே பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சு மென்பொருள் குழுக்களில் அடிக்கடி அடிபடுகிறது. இது பாதிதான் சரி. ‘சுத்தம்’ என்ற பெயரில் இக்கருவிகள் இரண்டு வேலை பார்க்கின்றன. இடைவெளி, வரி முறிப்பு, உள்தள்ளல் ஆகியவற்றைச் சீராக்குவது ஒரு வேலை. பைத்தானுக்கான பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கான பிரிட்டியர், கோ மொழியின் கோஃபம்ட் பெரும்பாலும் இந்த ரகம். பயன்படாத இம்போர்ட்டை (வேறு கோப்பிலிருந்து நிரலை வரவழைக்கும் வரியை) நீக்குவது, நிபந்தனையைச் சுருக்குவது, இம்போர்ட்களின் வரிசையை மாற்றுவது இன்னொரு வேலை. முதலாவதைப் பின்னணிக்கு விடலாம். இரண்டாவதை ஆள் பார்க்காமல் ஓட விடுவது வம்பு.

பைத்தானில் இணையதளம் கட்டும் ஜாங்கோ சட்டகத்தில் எழுதிய நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆப் கட்டமைப்பில் ‘ரெடி’ என்ற செயற்கூறுக்குள் சிக்னல்ஸ் கோப்பை (ஒரு நிகழ்வு நடந்தால் எது ஓட வேண்டும் என்று சொல்லும் கோப்பு) இம்போர்ட் செய்வது வழக்கம். அந்தப் பெயரைக் கீழே யாரும் பயன்படுத்த மாட்டார்கள். இம்போர்ட் செய்ததும் சிக்னல்கள் பதிவாகிவிடும், அதற்காகத்தான் அந்த வரி. பைத்தான் நிரலைச் சோதித்துத் திருத்தும் ரஃப் போன்ற கருவிக்கு அது வெறும் பயன்படாத இம்போர்ட். பயன்படாத இம்போர்ட்டுக்கான எஃப்401 விதியின்படி நீக்கிவிடும். நிரல் ஓடும், பிழைச் செய்தி வராது, சிக்னல் மட்டும் வேலை செய்யாது. அந்த வரியின் முடிவில் எஃப்401-ஐத் தவிர்க்கச் சொல்லும் ‘நோக்யூஏ’ குறிப்பை எழுதி வைப்பதே தீர்வு. இம்போர்ட் வரிசை மாற்றமும் இதே போலத்தான்: ஒன்றையொன்று இம்போர்ட் செய்யும் இரு கோப்புகள் பழைய வரிசையின் தயவில் ஓடிக்கொண்டிருந்தால், அகரவரிசைப்படுத்திய மறுகணம் விழுந்துவிடும்.

முதல் ரகத்தை நம்பலாம் என்பதற்குக் காரணம் உண்டு. பிளாக் தன் வெளியீட்டை மறுபடி படித்து, தொடரமைப்பு மரம் (நிரலின் இலக்கண அமைப்பு) பழையதற்குச் சமமா என்று பார்த்த பிறகே கோப்பில் எழுதுகிறது. ‘ஃபாஸ்ட்’ என்று கட்டளை கொடுத்தால் அந்தச் சோதனை போய்விடும். மிச்சமாகும் நேரத்துக்கு அது தகாத விலை. ஆனால் இடைவெளியே பொருள் தரும் கோப்புகளும் இருக்கின்றன. நிரலைத் தொகுக்கும் ‘மேக்’ கருவிக்கான மேக்ஃபைலில் டேப்பை ஸ்பேஸாக மாற்றினால் அக்கருவி அந்த வரியிலேயே நின்றுவிடும். ஆவணங்கள் எழுதும் மார்க்டவுன் வடிவத்தில் வரி முடிவில் இரண்டு ஸ்பேஸ் இருந்தால் அது வரி முறிப்பு. அதை வெட்டினால் இரு வரிகளும் ஒட்டிக்கொள்ளும். எடிட்டருக்கு இடைவெளி விதிகளைச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் இவ்விரண்டுக்கும் தனி விதி எழுதியே ஆகவேண்டும்.

அடுத்தது, எப்போது ஓடுகிறது என்பது. விஎஸ் கோட் எடிட்டரில் தாமதத்துக்குப் பின் ஓடும் தானியங்கிச் சேமிப்பின் இயல்பான தாமதம் 1000 மில்லி செகண்ட். அந்தச் சேமிப்பின்போது ‘ஃபார்மட் ஆன் சேவ்’ (சேமிக்கும்போது வடிவமைப்பது) ஓடாது. நாமே சேமித்தால்தான் ஓடும். பலர் இதைப் பழுது என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இம்போர்ட் நீக்கம் போன்ற ‘கோட் ஆக்‌ஷன்’களுக்கு ‘ஆல்வேஸ்’ (ஃபோகஸ் மாறிச் சேமிக்கும்போதும்), ‘எக்ஸ்பிளிசிட்’ (நாமே சேமிக்கும்போது மட்டும்), ‘நெவர்’ (ஒருபோதும் இல்லை) என்ற மூன்று மதிப்புகள் உண்டு. ‘ஆல்வேஸ்’ வைத்து, ஃபோகஸ் மாறினால் சேமிக்கும்படியும் அமைத்திருந்தால், இம்போர்ட்டை எழுதிவிட்டு வேறு கோப்பைப் பார்த்துத் திரும்புவதற்குள் அது காணாமல் போயிருக்கும். ‘எக்ஸ்பிளிசிட்’ போதும்.

ஒரே கோப்பில் இரண்டு கருவிகள் மல்லுக்கட்டுவதும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் பிழை தேடும் ஈஎஸ்லின்ட் ஒரு மாதிரி வடிவமைக்கும், பிரிட்டியர் வேறு மாதிரி. சேமிக்கும்போதெல்லாம் வரிகள் மாறி மாறிக் குதிக்கும். வடிவமைப்பைப் பிரிட்டியரிடம் மட்டும் விடுங்கள். ஈஎஸ்லின்ட்டே தன் வடிவமைப்பு விதிகளை 2023-இல் கைவிடப்பட்டவையாக அறிவித்துவிட்டது.

பழைய நிரலில் இக்கருவிகளை முதல்முறை இறக்கும்போதுதான் உண்மையான சேதம். ‘குறைவு’ என்பது ‘குறைவு அல்லது சமம்’ என மாறிய ஒற்றை எழுத்துத் திருத்தம், 400 வரி இடைவெளி மாற்றத்துக்குள் கிடந்தால் எந்த ரிவ்யூவும் கண்டுபிடிக்காது. எனவே முழு நிரலையும் ஒரே கமிட்டில் (மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் ஒரு பதிவில்) சீராக்குங்கள். அதில் வேறு எந்த மாற்றமும் கலக்கக் கூடாது. அந்தக் கமிட்டின் ஹேஷை (அடையாளக் குறியை) ஒரு கோப்பில் எழுதி, எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேமின் ‘இக்னோர் ரெவ்ஸ் ஃபைல்’ அமைப்பில் காட்டினால், பழைய வரிகள் உண்மையில் எழுதியவர் பெயரிலேயே தெரியும். இந்த வசதி கிட் 2.23-இல், 2019-இல் வந்தது.

அப்போது திறந்திருக்கும் பிராஞ்ச்கள் (இன்னும் மெயினில், அதாவது முதன்மைக் கிளையில், சேராத வேலைக் கிளைகள்)? சீராக்கிய கமிட்டுக்கு முந்தைய கமிட்டை முதலில் பிராஞ்சில் மெர்ஜ் செய்யவும் (இணைக்கவும்). பிறகு அதே கருவியை அதே அமைப்புகளுடன் ஓட்டி கமிட் செய்யவும். அடுத்து, சீராக்கிய கமிட்டை ‘அவர்ஸ்’ உத்தியில் (நம் பிராஞ்சில் உள்ளதையே அப்படியே வைத்துக்கொண்டு) மெர்ஜ் செய்யவும். அதன் பிறகு மெயினை வழக்கம்போல் மெர்ஜ் செய்யலாம். இடைவெளியால் வரும் மோதல்கள் இல்லாமல் போகும். இரு தரப்பும் உண்மையிலேயே ஒரே வரியில் கைவைத்த இடங்கள் மட்டும் மிஞ்சும்.

கருவியின் பதிப்பையும் பூட்டி வைக்க வேண்டும். பிளாக் தன் பாணி மாற்றங்களை ஆண்டுக்கொரு முறை, ஜனவரி மாதப் பதிப்பில் தருகிறது. ஒருவரிடம் புதியது, இன்னொருவரிடம் பழையது என்றிருந்தால் இருவரும் ஒருவர் வேலையை ஒருவர் கலைத்துக்கொண்டே இருப்பார்கள். எடிட்டர், கமிட் ஹூக் (கமிட் செய்யும்போது தானாக ஓடும் சோதனை), சிஐ (அனுப்பிய நிரலைத் தானாகச் சோதிக்கும் அமைப்பு) மூன்றிலும் பதிப்பு எண் ஒன்றாக இருக்கட்டும். சிஐயில் ‘செக்’ கட்டளை மட்டும் போதும்: கோப்பைத் தொடாது, சீராக இல்லாவிட்டால் தோல்வி என்று சொல்லும்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்