படகிலிருந்தே ஆரம்பி

அன்புள்ள பாப்பாவுக்கு,

சனிக்கிழமை நீ நடத்தப்போகிற ஆட்டத்துக்காக எழுதி அனுப்பிய ஒன்பது பக்கக் கதையையும் நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். மூன்று தலைமுறைப் பங்காளிச் சண்டை, சாபம் பிடித்த கிரீடம், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வரப்போகிற நாலு பேரும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஒரு முறைகூட ஆடாதவர்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசியும் பகடை போட்டும் ஆடுகிற விளையாட்டு என்பதே அவர்களுக்குப் புதிது. ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போகவேண்டும். உன் எட்டாவது பக்கத்தின் நடுவில் கயிற்றுப் படகு ஆற்றுக்கு மத்தியில் நின்றுபோகிறதே, ஆட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் உள்ளதையெல்லாம் எடுத்து வை, இன்னொரு நாளைக்கு ஆகும்.

முதல் வாக்கியத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள். "கயிறு அறுந்துவிட்டது, படகு நீரோட்டத்தில் திரும்புகிறது, கரையில் வில்லோடு கோப்ளின்கள். என்ன செய்கிறீர்கள்?" அவ்வளவு போதும். கோப்ளின் என்றால் என்ன என்று கேட்டால், பொல்லாத குட்டி பூதம் என்று சொல். சத்திரத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிழவர் வந்து வேலை கொடுப்பதாகத் தொடங்கினால், புதியவர்கள் அந்தக் கிழவரிடமே முக்கால் மணி நேரம் பேரம் பேசுவார்கள்.

கேரக்டர் ஷீட்டை, அதாவது பாத்திரத்தின் திறமைகளையும் எண்களையும் எழுதும் தாளை, அவர்களையே நிரப்பச் சொல்லாதே. முதல் முறை என்றால் அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். தயாராகப் போட்டு வை, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். இது ஒன்றும் சோம்பேறித்தனம் இல்லை. 1974ல் இந்த விளையாட்டு வெளிவந்தது. அடுத்த வருஷமே பால்டிமோரில் நடந்த முதல் ஒரிஜின்ஸ் விளையாட்டு மாநாட்டுப் போட்டிக்காக, இதை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் ஒரு நிலவறைச் சாகசத்தைத் தயாரித்தார். 1978ல் அது அச்சில் வந்தபோது ஆயத்தப் பாத்திரங்களும் கூடவே வந்தன.

ஷீட்டில் முன்கதை எழுதாதே. கீழே ஒரு கேள்வி மட்டும் போடு: "உன் இடப்பக்கம் இருப்பவர் ஒருமுறை உன்னைக் காப்பாற்றினார். எதிலிருந்து?" இன்னொருவருக்கு, "படகில் இருக்கும் மரப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உனக்கு மட்டும் தெரியும். ஏன் மறைக்கிறாய்?" பதிலை அவர்கள் சொல்லட்டும். நீ மூன்று தலைமுறைக்கு எழுதியதை அவர்கள் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். தாங்களே சொன்னது என்பதால் கடைசிவரை ஞாபகமும் வைத்திருப்பார்கள்.

இப்போது அந்தக் கோப்ளின்கள். ஆறு என்று எழுதியிருக்கிறாய், அம்மாடி! லெவல் 1, அதாவது ஆரம்பநிலை மந்திரவாதிக்கு ஏழெட்டு ஹிட் பாயின்ட்தான் (எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண்) இருக்கும். விளையாட்டின் 2014 பதிப்பில் ஒரு கோப்ளின் அம்பு பட்டால் சராசரியாக 5 போகும், இரண்டு பட்டால் ஆள் விழுந்துவிடுவான். லெவல் 1ல் நாலு பேருக்கு எதிரே நாலு கோப்ளின் நின்றாலே அந்தப் பதிப்பின் கணக்குப்படி அது உயிருக்கு ஆபத்தான சண்டை. மூன்றாக்கு. மந்திரவாதிக்குத் தூக்க மந்திரத்தைக் கொடு. ஐந்து எட்டுமுகப் பகடை போட்டு வரும் மொத்தம் எவ்வளவோ அவ்வளவு ஹிட் பாயின்ட் அளவுக்கு எதிரிகளைத் தூங்கவைக்கும், சராசரி 22 சொச்சம். ஒரு கோப்ளினுக்கு 7 ஹிட் பாயின்ட், ஆக மூன்றும் ஒரே வீச்சில் குறட்டை விடலாம். சண்டை சீக்கிரம் முடிந்துவிடுமே என்று கவலைப்படாதே. முதல் தடவை ஆடுகிறவர் முதல் சுற்றிலேயே மூன்று பேரைச் சாய்த்தார் என்றால், அப்புறம் அவரை நீ நாற்காலியிலிருந்து எழுப்ப முடியாது. (புதுப் பதிப்பில் இந்த மந்திரம் வேறு மாதிரி வேலை செய்கிறது. எந்தப் புத்தகத்தைப் பார்த்து ஷீட் போடுகிறாய் என்பதில் கவனம்.)

ரூல்ஸ் வகுப்பு எடுக்காதே. "இருபது முகப் பகடையைப் போடு, இந்த எண்ணைக் கூட்டு, பெரிய எண் வந்தால் நல்லது." மற்றதைத் தேவை வரும்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உட்கார்ந்த உடனேயே கதையில் எது வரக்கூடாது என்று யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டுவிடு. சிலந்தி, குழந்தைகளுக்கு ஆபத்து, இப்படி. சொன்னால் எடுத்துவிடு, காரணம் கேட்காதே.

நடுப்பகுதிக்கு இரண்டு காட்சி போதும், அதிலும் ஒன்று தூக்கி எறியக்கூடியதாக இருக்கட்டும். பாழடைந்த ஆலையின் ரகசியக் கதவைப் பகடை போட்டுத்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நாலு பேருக்கும் சின்ன எண் விழுந்தால்? கதவு கண்ணில் படட்டும். சத்தமில்லாமல் திறக்கிறதா என்பதற்குப் பகடை போடச் சொல். ஒன்பது மணி ஆனதும், அவர்கள் எங்கே இருந்தாலும் சரி, கதையைக் கடைசிக் காட்சிக்குத் தள்ளிவிடு. முடிவை மட்டும் இப்போதே எழுதி வைக்காதே. பெட்டியை ஆற்றில் எறிந்துவிட்டுப் போவார்களோ, கோப்ளினையே கூட்டாளியாக்கிக்கொள்வார்களோ, யார் கண்டது.

ஆட்கள் தாமதமாக வந்து இரண்டு மணி நேரம்தான் மிச்சம் என்றால் இதை விட்டுவிட்டு ஜான் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் என்ற விளையாட்டை எடு. மொத்த ரூல்ஸும் ஒரே பக்கம். 2 முதல் 5 வரை ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு சாதாரண ஆறுமுகப் பகடை போடவேண்டியதுதான். அறிவு வேலைக்கு அந்த எண்ணுக்குக் கீழே விழவேண்டும், மனசு வேலைக்கு மேலே. விண்வெளிக் கப்பல் கதை, உன் கிரீடம் அதில் எடுபடாது.

அம்மா கேட்கிறாள், இதில் கடைசியில் யார் ஜெயிப்பது என்று. யாரும் ஜெயிப்பதில்லை என்று இத்தனை வருஷம் கழித்தும் நான் சொல்கிற பதில் அவளுக்குத் திருப்தியாக இல்லை. முறுக்கு கொடுத்தனுப்பட்டுமா என்றும் கேட்டாள். எண்ணெய்க் கையோடு ஷீட்டைத் தொடுவார்கள், ஆட்டம் முடிந்தபிறகு எடுத்து வை.

வெள்ளிக்கிழமைக்குள் நாலு ஷீட்டையும் எனக்கு அனுப்பு. கூட்டல் சரிபார்க்கிறேன் என்ற சாக்கில் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா