பிரிக்பீல்ட்ஸ் மக்களுக்கு எங்கள் நன்றி

அன்பான அண்ணன்மார், அக்காமார், கடைக்கார அம்மா, ஐயா அனைவருக்கும் வணக்கம்.

எதிரே இருக்கும் தடையை உணர்த்த, பார்வையற்றவர்கள் சட்டையில் மாட்டிக்கொண்டு நடக்கும் அந்தச் சின்னக் கருவி இப்போது ஓரளவு ஒழுங்காக வேலை செய்கிறது. கல்லூரியில் பட்டறையும் பாகங்கள் வாங்கப் பணமும் தந்தார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் கருவிக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள்தான்.

முதலில் உடம்புபிடி நிலையத்தில் வேலை செய்யும் பார்வையற்ற அண்ணன். வேலை முடிந்த களைப்போடும் எங்களுடன் ஜாலான் துன் சம்பந்தன் நெடுக நடந்தார். தரையில் கிடப்பதை வெள்ளைக்கோல் தொட்டுச் சொல்லிவிடும். தலைக்கு நேரே வரும் பெயர்ப்பலகையையும் திறந்து கிடக்கும் லாரிக் கதவையும் அது சொல்லாது. அதற்காகத்தான் மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணிக்கும் சென்சார். "தம்பி, இது காதுல பேசிக்கிட்டே இருந்தா மோட்டார் சைக்கிள் வர்ற சத்தத்த நான் எப்படிக் கேக்கறது?" என்றார் அண்ணன். அன்றோடு ஹெட்போனைக் கழற்றி வைத்தோம். இப்போது தடையைச் சொல்ல நெஞ்சில் அதிர்வு மட்டும்தான். பொருள் நெருங்க நெருங்க அதிர்வும் வேகமாகும்.

அடுத்து, சேலைக்கடை அம்மா. கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் தொங்கிய சேலைகளை எங்கள் சென்சார் கண்டுகொள்ளவே இல்லை. துணி ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், எதிரொலி சரியாகத் திரும்பாது. வியாபார நேரம் என்றும் பார்க்காமல் அம்மா சேலைகளை இங்கும் அங்கும் மாற்றி மாட்டித் தந்தார். நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, கூட வந்த அக்கா சிரித்துவிட்டார்: "சேலை மூஞ்சில பட்டா வலிக்கவா போவுது? அது தொங்குற கம்பியச் சொல்லு!" சரி என்று சென்சாரைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தோம். கம்பி தவறாமல் மாட்டியது.

வழி சொல்லப் போனில் இருக்கும் ஜிபிஎஸ் கதை வேறு. திறந்த வெளியிலேயே அது சில மீட்டர் பிசகும். மேலே மோனோரயில் பாதை, பக்கத்தில் உயரக் கட்டடம் என்றால் நாம் ரோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றே அதற்குப் புரியாது. பூக்கடை மல்லிகை வாசம், வடை பொரிகிற சத்தம், கால் கொஞ்சம் இறங்கும் சரிவு என்று நீங்கள் அடையாளம் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டோம். அந்த ஊர் வரைபடம் எந்தத் துணைக்கோளிடமும் கிடைக்காது. தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது இணைய வரைபடத்தில் காசு வாங்காமல் வரைந்து வைத்த முகம் தெரியாதவர்களுக்கும் நன்றி. போனில் வரும் இயந்திரக் குரல் 'ஜாலான்' என்று தொடங்கும் தெருப் பெயர்களைக் கடித்துத் துப்பியதால், தன் குரலிலேயே பதிவு செய்து தந்த தமிழாசிரியைக்குத் தனி வணக்கம்.

நன்றி மடலில் ஒரு மனக்குறையும் சொல்லலாமா? நடைபாதையின் மஞ்சள் கற்கள் அழகுக்குப் பதித்தவை அல்ல, பார்வையற்றவர்களுக்குக் காலால் வழி சொல்பவை. ஜப்பானில் 1967இல் முதன்முதலாகப் பதித்த ஏற்பாடு அது: கோடு போட்டிருந்தால் நடக்கலாம், புள்ளி வைத்திருந்தால் நின்று கவனிக்க வேண்டும். அதன்மேல் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறவர்கள் தயவுசெய்து வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

கருவி இன்னும் முடியவில்லை. மழையில் நனைந்தால் சென்சார் படுத்துவிடுகிறது. அதைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் வருவோம். தே தாரேக் (இழுத்து ஆற்றிய தேநீர்) காசை இந்த முறையாவது எங்களைக் கொடுக்க விடுங்கள், ஐயா.

நன்றியுடன்,
கருவி செய்த பிள்ளைகள்,
கோலாலம்பூர்