ஸ்கேன் சீட்டோடு தமிழில் ஒரு தாளும் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் எக்ஸ்ரே, ஸ்கேன் அறைகளில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காதுக்குக் கீழேயோ தாடைக்கு அடியிலோ வீக்கம் என்று வருகிறவர்களைப் பற்றி இதை எழுதுகிறேன்.

அங்கே வீங்கினால் நம் பக்கத்தில் உடனே சொல்வது "நெறி கட்டியிருக்கு", இல்லையென்றால் "பொன்னுக்கு வீங்கி". கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு, சுக்கு உரசிப் பற்றுப் போட்டு வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். பிறகு பயம் பிடித்துக்கொண்டால், "பெரிய ஸ்கேனா எடுத்துருங்க" என்று நேராக ஸ்கேன் சென்டருக்கு வந்துவிடுவார்கள். பொன்னுக்கு வீங்கி வைரஸால் வருவது. பிள்ளைகளுக்கு வந்தால் டாக்டர் பார்த்தே சொல்லிவிடுவார். பெரும்பாலும் எந்த ஸ்கேனும் வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு வருவது வேறு. களக்காட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எய்யா, சும்மா இருக்கையில ஒண்ணுமில்ல. சோத்துல கை வச்சாப் போதும், பொசுக்குன்னு வீங்கிருது. நார்த்தங்கா ஊறுகாயத் தொட்டா இன்னும் மோசம். செத்த நேரங் கழிச்சு வடிஞ்சிருது." பாதி நோயை அவரே சொல்லிவிட்டார். எச்சில் வரும் குழாயில் கல் அடைத்திருந்தால் இப்படித்தான் இருக்கும். சாப்பாட்டைக் கண்டதும் சுரப்பி சுரக்கிறது, வெளியே போக வழியில்லாமல் புடைக்கிறது. உமிழ்நீர்க் கற்களில் 80 முதல் 90 சதவீதம் வரை தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில்தான் வருகின்றன. அங்கே ஊறும் எச்சில் கொஞ்சம் கெட்டி. குழாயும் கீழிருந்து மேலே ஏறி நாக்குக்கு அடியில் போய்த் திறக்கிறது. ஆகவே வீக்கம் எப்போது வருகிறது, எப்போது வடிகிறது, வலிக்கிறதா என்பதை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். எந்தப் படம் எடுப்பது என்பதை முடிவு செய்வதே அந்தப் பேச்சுதான். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் அதையும் மறைக்கக் கூடாது. வாய்க்குள் இருக்கும் புண்ணுக்காகவும் கழுத்தில் நெறி கட்டும்.

பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில் தொடங்குவார்கள். ஜெல்லி தடவிப் பார்ப்பதுதான், கதிர்வீச்சு கிடையாது. வீங்கியிருப்பது எச்சில் சுரப்பியா, நெறி என்று நாம் சொல்லும் நிணநீர்க் கணுவா, உள்ளே கல்லா, கட்டியா, சீழா என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். கழுத்து அல்ட்ராசவுண்டுக்குப் பட்டினி கிடக்க வேண்டியதே இல்லை. இதைத் தடித்த எழுத்தில் போட்டால் நல்லது ஐயா. வயிற்று ஸ்கேன் மாதிரி இதற்கும் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று நினைத்து, சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் முதல் பஸ் ஏறி வந்து, பெஞ்சிலேயே மயங்கிச் சரிந்தவர்களைத் தூக்கி உட்காரவைத்திருக்கிறேன். சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் அவர்கள் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

எக்ஸ்ரேயில் கல் தெரியவில்லை என்றால் கல்லே இல்லை என்று ஆகிவிடாது. தாடைக்கு அடியில் இருக்கும் கல் பெரும்பாலும் தெரியும், காதுக்கு முன்னால் இருக்கும் சுரப்பியின் கல் பல நேரம் தெரியாது. சின்னக் கல்லையும் காட்டிக்கொடுப்பது சி.டி. ஸ்கேன். ஆனால் அதில் கதிர்வீச்சு உண்டு. சீழ், கட்டி என்று சந்தேகம் இருந்தால், படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக டை என்ற மருந்தை ஊசியாகவும் போடுவார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், முன்பு டை ஊசி போட்டு உடம்பில் தடிப்பு வந்திருந்தாலும், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

கட்டி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, முகத்து நரம்புக்குப் பக்கத்தில் போயிருக்கிறதா என்று பார்க்க, பெரிய காந்தத்தைக் கொண்டு படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். முகத்தை அசைக்கும் நரம்பு காதுக்கு முன்னால் உள்ள சுரப்பிக்குள்ளேயே ஓடுவதால், ஆபரேஷன் செய்யும் டாக்டருக்கு அந்தப் படம் முக்கியம். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் கருவி வைத்திருந்தால், மூளை ரத்தக்குழாயில் ஆபரேஷன் செய்து கிளிப் போட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நகைகளை எல்லாம் கழற்ற வேண்டும். தங்கம் காந்தத்தில் ஒட்டாதுதான், ஆனால் படத்தைக் கலைத்துவிடும், சூடேறவும் கூடும். இங்கேதான் நம் பெண்கள் தவித்துப்போவார்கள். முந்தின நாளே சொல்லியிருந்தால் மஞ்சள் கயிறு வாங்கி, வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் நின்று தாலியை மாற்றிக்கொண்டு வந்திருப்பார்கள். ஸ்கேன் அறை வாசலில், அடுத்த ஆள் காத்திருக்கும்போது "தாலியைக் கழற்றுங்கம்மா" என்றால் அழத்தான் செய்வார்கள். கல்யாணத்துக்குப் போட்ட மூக்குத்தியின் திருகு இறுகிப்போய், ஆசாரியிடம் போய்க் கழற்றி வர வேண்டியவர்களும் உண்டு. காதில் பாம்படம் போட்ட ஆச்சிகளையும் பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் ஒரு நாள் அவகாசம் வேண்டும்.

வாய் உலர்ந்தே கிடக்கிறது என்பவர்களுக்குச் சுரப்பி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க இன்னொரு சோதனை இருக்கிறது. டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தைக் கொஞ்சம் ரத்தக்குழாயில் ஏற்றி, கேமராவுக்கு அடியில் படுக்கவைப்பார்கள். பாதியில் எலுமிச்சைச் சாறு கொடுப்பார்கள். எச்சில் வடிகிறதா என்று பார்க்கத்தான் அது. அந்த மருந்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும். குழாய்க்குள்ளேயே டை செலுத்தி எடுக்கும் பழைய எக்ஸ்ரே முறை இப்போது குறைந்துவிட்டது. சீழ் பிடித்திருக்கும் நேரத்தில் அதைச் செய்யக் கூடாது.

கட்டி என்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். காதுக்கு முன்னால் உள்ள சுரப்பியில் வரும் கட்டிகளில் சுமார் 80 சதவீதம் புற்றுநோய் அல்லாதவை. மெல்லிய ஊசியால் துளி எடுத்துச் சோதிக்கச் சொன்னால், "ஊசி குத்துனாப் பரவிரும்" என்று ஓடிவிடாதீர்கள். அப்படிப் பரவுவது மிக மிக அரிது. கட்டி வேகமாக வளர்ந்தாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ பற்றுப் போட்டுக்கொண்டு ஒரு நாள்கூட வீட்டில் இருக்காதீர்கள்.

இவ்வளவையும் சொல்ல டாக்டருக்கு நேரமில்லை, வெளியே நிற்கும் கூட்டம் அப்படி. சீட்டு எழுதும் இடத்திலோ ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி, "நாளைக்குக் காலைல வாங்க" என்பதோடு சரி. ஒவ்வொரு சோதனைக்கும் தமிழில் அரைப் பக்கத் தாள் அடித்து, சீட்டோடு சேர்த்துப் பின் பண்ணிக் கொடுக்கலாம். சாப்பிடலாமா, எதைக் கழற்ற வேண்டும், எந்த மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டும், பழைய படங்களைக் கொண்டுவர வேண்டும் என்று அதில் இருந்தால் போதும். தனியார் ஸ்கேன் சென்டர்களும் அரசு மருத்துவமனைகளும் இதைச் செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். யார் முன்வந்தாலும், டாக்டர்கள் சரிபார்த்துக்கொள்ளும்படி முதல் பிரதியை எழுதித் தர நான் தயார். கூலி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எக்ஸ்ரே டெக்னீசியன்,
பாளையங்கோட்டை.